வருத்தப் பிரிவில் ஏழு நிமிடம்

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்த ஓர் அலுவலகம் முழுவதையும், ஒரே ஒரு சுற்றறிக்கையால், ஏழு நிமிடம் கதறி அழவைத்தவன் நான். அழுகை என்றால் சும்மா மூக்கைச் சிந்துவது அல்ல. மூன்றாம் மாடியில் புறப்பட்ட கண்ணீர் படிப்படியாக இறங்கி, தரைத்தளத்தில் கணுக்கால் அளவு நின்றது. தபால் பிரிவின் குப்பைக்கூடை ஒன்று மிதந்துபோய்த் தலைவர் அறைக் கதவைத் தட்டியது. "யெஸ், கம் இன்" என்றார் தலைவர். கூடை உள்ளே போயிற்று.

என் மனைவி இதில் பாதியை நம்புகிறாள். அன்று என் செருப்பு ஈரமாக இருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். மருமகன் மரியாதைக்காக நம்புகிறார். பேத்தி கூடை வரைக்கும் நம்புகிறாள். ஒருவர் மட்டும் ஒரு துளியும் நம்பமாட்டார். அவரைச் 'சட்டம்' என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வோம். சட்ட அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பதினோரு வருடமாகக் காலையில் பூங்காவில் நானும் அவரும் சேர்ந்து நடக்கிறோம். பதினோரு வருடமாக அவர் சொல்வது ஒன்றுதான்.

"யோவ், அப்படி ஒரு நாளே கிடையாது. ரெக்கார்டுல இருக்கா? இருந்தா காட்டு."

"ரெக்கார்டு நனைஞ்சுபோச்சு சார்."

"முதல்ல உன் வாயைக் காயப் போடு."

அவருக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் அலுவலகத்தின் முழுப்பெயர் பொதுப் படிகள் மற்றும் கைப்பிடிகள் வாரியம். ஊரில் மனிதர்கள் ஏறி இறங்கும் இடமெல்லாம் எங்கள் ஆட்சி. படிகளுக்கு ஒரு துறை, கைப்பிடிகளுக்கு இன்னொரு துறை. இரண்டு துறைத் தலைவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே படி இருந்த இடத்தில் கைப்பிடி இருக்காது. கைப்பிடி இருந்த இடத்தில் படி இருக்காது. ஒரு மைதானத்தின் நடுவில், எங்கும் ஏறாமல் எங்கும் இறங்காமல், முப்பதடிக் கைப்பிடி ஒன்று தனியாக நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதில் போர்வை உலர்த்தினார்கள். அதைத்தான் ஆண்டறிக்கையில் 'பொதுமக்களால் பெரிதும் பயன்படுத்தப்படும் கைப்பிடி' என்று படத்துடன் போட்டோம்.

நான் இருந்தது வருத்தப் பிரிவில். வாரியத்துக்கு வரும் எல்லாக் கடிதங்களுக்கும் கடைசியில் பதில் போகும் இடம் அது. பதில் என்பது ஓர் அட்டை. அதில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் அச்சிட்டிருக்கும்: 'வீ ரிக்ரெட்.' கீழே ஒரு கையெழுத்து, அதுவும் அச்சுதான். வேலை கேட்டவருக்கும் அதே அட்டை, படியில் குடையைத் தொலைத்தவருக்கும் அதே அட்டை, பாராட்டி எழுதியவருக்கும் அதே அட்டை. விலாசம் அடித்து உறையில் போடுவது என் வேலை. முப்பத்தொரு வருடத்தில் பதினோரு லட்சம் முறை வருந்தியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நூறு வருத்தம் முடிந்துவிடும்.

ஏன் ஆங்கிலத்தில் என்று ஒரு முறை கேட்டேன். தலைவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "நம்ம பேச்சில வருத்தப்பட்டா ஜனங்க நம்பிடுவாங்கப்பா. இங்கிலீஷ்ல வருத்தப்பட்டா கொஞ்சம் தூரமா இருக்கும். அந்தத் தூரம்தான் நிர்வாகம்."

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, பதினோரு மணிக்கு, தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து வந்திருக்கிறார். கையில் எங்கள் அட்டை.

"சார், இது இங்கேருந்துதானே வந்தது?"

"ஆமா."

"பக்கத்து மருந்துக் கடைக்காரர் படிச்சுச் சொன்னார். நாங்க வருத்தப்படறோம்னு எழுதியிருக்காமே?"

"ஆமா, அப்படித்தான்."

"யாரு சார் அது?"

முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "எதுக்குக் கேக்கறீங்க?"

"அவரைப் பாக்கணும்."

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மேஜை மேலிருந்த காகிதக் கத்தியை மெல்ல இழுத்து டிராயருக்குள் போட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஏதோ துணிக்கு அளவு சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

ரயில் நிலையத்தை ஒட்டிய நடைமேம்பாலத்தில் அவர் மனைவி தவறி விழுந்து இறந்துவிட்டார். நாற்பத்திரண்டு படி. ஒரு பக்கம் கைப்பிடி உண்டு, மறுபக்கம் இல்லை. அந்த அம்மாள் வீட்டில் காஜா எடுப்பார், பட்டன் கட்டுவார். முடித்த சட்டைகளைக் கடைகளில் கொடுக்கப் போகும்போது விழுந்தார். அதை வாரியத்துக்குத் தெரிவித்துத் தையல்காரர் ஒரு கடிதம் எழுதினார். பதிலாக அட்டை போயிருக்கிறது.

"புள்ளைங்க இல்ல சார். அவ பக்கத்துலயும் யாரும் இல்ல. செத்த அன்னிக்கு அழுதது நான் ஒருத்தன்தான். தெருக்காரங்க வந்தாங்க, நின்னாங்க, போனாங்க. அப்புறம் இந்தக் கார்டு வருது. அட, இன்னொருத்தரும் அவளுக்காக வருத்தப்படறாரேன்னு இருந்தது. அவர்கிட்ட ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பேசிட்டுப் போயிடறேன். ரெண்டு பேர் தூக்கினா கொஞ்சம் லேசா இருக்கும், இல்லையா?"

அவர் சட்டைப்பையிலிருந்து இன்னும் நான்கு அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதெல்லாம் அவ பொட்டியில இருந்தது. கைப்பிடி போடுங்கன்னு நாலு தடவை எழுதியிருக்கா, எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் கடுதாசி வந்திருக்குன்னு பட்டுத்துணிக்கு நடுவுல பத்திரமா வெச்சிருந்திருக்கா. பாருங்க சார், அவ விழறதுக்கு முன்னாடியே அவர் நாலு தடவை வருத்தப்பட்டிருக்கார். எவ்வளவு நல்ல மனுஷனா இருக்கணும்!"

ஐந்து அட்டையின் உறைக்கும் விலாசம் அடித்தவன் நான். ஐந்து கடிதத்தில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. "உக்காருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துபோனேன்.

பிரிவு அதிகாரியிடம் கேட்டேன். "கையெழுத்து அச்சுல இருக்குய்யா. அச்சகத்தைக் கேளு" என்றார். அச்சகத்தில் கேட்டால், முன்னாள் தலைவர் ஒருவரின் கையெழுத்தாம். அவர் காலமாகி இருபது வருடமாம். அதாவது வாரியத்தில் உண்மையாக வருந்திக்கொண்டிருந்தவர் இறந்துபோன ஒருவர்தான். அவரைச் சந்திக்கவைக்க விதியில் இடமில்லை.

கோப்பு சட்டத்திடம் போனது. அப்போது அவர் கறுப்புக் கோட்டோடு, ஆறடி உயரத்தில், மின்கம்பம்போல நிற்பார். ஒரே வரியில் குறிப்பு எழுதினார்: 'வீ என்பது யாரையும் குறிக்காது, அதுவே அதன் பயன்.' கோப்பின் பழைய பக்கங்களில் சட்டப் பிரிவின் இன்னொரு குறிப்பும் இருந்தது, அந்த அம்மாளின் நான்கு மனுக்களின் மேலும் ஒரே வாசகமாக: 'இப்போது கைப்பிடி வைத்தால், இதுவரை கைப்பிடி இல்லை என்பதை வாரியம் ஒப்புக்கொண்டதாகும்.'

தலைவருக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. யாரோ ஒருவர் கேட்டுவிட்டார். நாளைக்குத் தணிக்கைக்காரர்களும் கேட்கலாம். 'ரிக்ரெட் என்ற சொல்லின் பொருள், பிறப்பு, புழக்கம் ஆகியவற்றை ஆராயும் உயர்மட்டக் குழு' ஒன்றை அமைத்தார். சொல்லாராய்ச்சிப் பேராசிரியர் ஒருவர், நான்கு அகராதிகளைத் தனித்தனி நாற்காலியில் உட்காரவைத்து, மூன்று நாள் பேசினார்.

"இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே இதற்கு மரியாதைப் பொருளெல்லாம் கிடையாது. செத்தவரை நினைத்து வாய்விட்டு அழுவது, அதுதான். பிறகு, கைவிட்டுப்போனதை எண்ணி ஏங்குவது என்று ஆயிற்று. பிறகு, செய்ததை எண்ணி மனம் நோவது. பிறகு, விருந்துக்கு வரமுடியாததைத் தெரிவிப்பது. கடைசியில் உங்கள் வாரியத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அழுவதா?"

"அழுவதுதான். முன்பாதிக்கு 'மறுபடியும்' என்று பொருள். பின்பாதி, அழுகையைக் குறித்த வட ஐரோப்பியப் பழஞ்சொல்லாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்."

"மறுபடியும் அழறதுன்னா, முதல் தடவை எப்போ அழுதோம்?"

பேராசிரியர் அகராதியைப் பார்த்தார். அகராதியில் அது இல்லை.

முப்பத்தொரு வருடமாக வாரியம் அழாமலேயே அழுததாக எழுதி அனுப்பியிருக்கிறது. இதை முறைப்படுத்தியாக வேண்டும். அட்டையை நிறுத்திவிடலாமே என்று பிரிவு அதிகாரி மெல்லச் சொன்னார். தலைவர் அவரை முறைத்தார். "அட்டையை நிறுத்தினா கடிதத்தைப் படிக்க வேண்டியிருக்கும்யா."

ஆகவே அழுவது என்று முடிவாயிற்று. அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவன் அடியேன். கடைநிலை ஊழியர்கள் முழுக் கதறல். எழுத்தர்கள் விம்மல். அதிகாரிகள் கண்கலங்கல் மட்டும், துளி கீழே விழாமல். தலைவர் சார்பில் அவருடைய உதவியாளர் அழுவார். வியாழக்கிழமை மூன்று மணி முதல் மூன்று ஏழு வரை; தேநீர் இடைவேளையில் அந்த ஏழு நிமிடம் கழிக்கப்படும். ஒத்திகைக்கு நாடகக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். படிகள் துறை முதல் நாளே தேறிவிட்டது. கைப்பிடிகள் துறைக்கு அழுகையே வரவில்லை. 'படிகள் துறை எங்களுக்குக் கண்ணீரைத் தராமல் இருட்டடிப்பு செய்கிறது' என்று அவர்கள் ஒரு புகார் கொடுத்தார்கள். அதற்கு ஓர் அட்டை அனுப்பினேன்.

இவ்வளவும் நடந்த நான்கு வாரமும் தையல்காரர் தினமும் வந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். பியூனின் சட்டைக்கு விட்டுப்போன பட்டனைத் தைத்தார். தட்டச்சு அம்மாளின் கைப்பை வாரை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். போகிற வருகிறவர்களின் தோளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"நாப்பது வருஷமா தோள் அளக்கறேன் சார். மனசுல பாரம் இருந்தா தோள் எறங்கும். எனக்கே அரை இன்ச் எறங்கியிருக்கு, அளந்து பாத்தேன். அவர் இந்தப் பக்கம் போனா நானே கண்டுபிடிச்சிடுவேன்."

"யாராவது தெரியறாங்களா?"

"எல்லாரும் நிமிர்ந்துதான் போறாங்க. அந்த உயரமான கோட்டு சாரைத்தான் சொல்ல முடியல. கோட்டுக்குள்ள பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கு, உள்ள என்ன இருக்குன்னு காட்டாது."

வியாழக்கிழமை வந்தது. பெரிய கூடத்தில் எல்லோரும் பதவி வரிசைப்படி நின்றோம். சட்டம் கடைசி வரிசையில், கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. தலைவர் பேசினார்.

"நண்பர்களே! இன்று நாம் எல்லோருக்காகவும் அழப்போகிறோம். ஆகவே யாருக்காகவும் அழக்கூடாது. எவருடைய பெயரையும் மனதில்கூடச் சொல்லாதீர்கள். சொன்னால் அது அந்த ஆளுக்கு உரிய அழுகையாகிவிடும், நாளை அவர் உரிமை கோருவார். பொதுவாக அழுங்கள். திட்டமிட்டு அழுங்கள். மூன்று ஏழுக்கு ஒரு விநாடி தாண்டக்கூடாது."

மணி அடித்தது. அழுதோம். முதல் இரண்டு நிமிடம் அற்புதமாக நடந்தது. எழுத்தர்கள் ஒரே தாளத்தில் விம்மினார்கள். தட்டச்சு அம்மாள் விம்மிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நாடகக்காரர் சொல்லிக்கொடுத்தபடி தோளைக் குலுக்கினேன்.

சத்தம் கேட்டுத் தையல்காரர் உள்ளே வந்துவிட்டார்.

வாசலில் அப்படியே நின்றார். முந்நூற்றுச் சொச்சம் பேர் அழுகிறார்கள். ஒரு ஆளைத் தேடி வந்த மனிதர். அவர் முகம் எப்படி மாறியது என்பதை மட்டும் நான் பெரிதாக்கிச் சொல்லப்போவதில்லை. அவருக்கு நாங்கள் ஒத்திகை பார்த்தது தெரியாது.

பதறிப்போய், வாசலருகே நின்ற தட்டச்சு அம்மாளிடம் போனார். "அழாதீங்கம்மா. என்னம்மா இது, நீங்கல்லாம் இப்படி அழலாமா? அவ ரொம்ப நேரம் கஷ்டப்படல. அங்க இருந்தவங்க சொன்னாங்க, உடனே போயிட்டாளாம்."

அம்மாளின் விம்மல் நின்றுவிட்டது. "யாருங்க?" என்றார்.

"என் வீட்டுக்காரிம்மா. ஒரு கையில சட்டைப் பை. கைப்பிடி இல்லன்னு அவளுக்குத் தெரியும், நாலு தடவை எழுதினவ. ஆனா கால் தடுக்கினா கை கேக்குமா? அது பாட்டுக்குப் புடிக்க நீண்டிருக்கு. அங்க ஒண்ணும் இல்ல."

அம்மாள் அவரையே பார்த்தார். பிறகு அழுதார். இது வேறு சத்தம். ஒத்திகையில் இல்லாத சத்தம்.

அவர் அடுத்தவரிடம் போனார், அதற்கடுத்தவரிடம் போனார். ஒவ்வொருவர் தோளையும் தட்டி, "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்", "போதும் சார், அவ இருந்தா உங்களையெல்லாம் இப்படிப் பாத்துச் சங்கடப்படுவா" என்று சமாதானம் சொன்னார். அவர் தொட்டுவிட்டுப் போன இடமெல்லாம் அழுகை உண்மையாகிக்கொண்டே வந்தது. கைப்பிடிகள் துறை முழுவதும் தரையில் உட்கார்ந்துவிட்டது. படிகள் துறைத் தலைவர் அவர்களுக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். பதினெட்டு வருடத்தில் இரண்டு துறைகளுக்கும் நடந்த முதல் கடிதப் போக்குவரத்து அதுதான். மூன்று ஏழுக்குத் தலைவர் மணி அடித்தார். யாரும் நிறுத்தவில்லை. "அனுமதிக்கப்பட்ட அழுகை முடிந்தது! இதற்குமேல் அழுவது தனிப்பட்ட அழுகையாகக் கருதப்படும்!" என்று கத்தினார். கத்தும்போது அவர் வேட்டி நுனி, சரி, கால்சட்டை நுனி நனைந்திருந்தது.

தையல்காரர் என்னிடமும் வந்தார். "நீங்களுமா சார்?" என்று என் கன்னத்தைத் தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். 'ஐந்து உறையும் நான்தான் அனுப்பினேன், ஒன்றையும் படிக்கவில்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அது இன்றைக்கும் வரவில்லை, எழுதத்தான் முடிகிறது.

நாலரைக்குக் கூடம் காலியானது. தையல்காரர் மறுபடி என் மேஜைக்கு வந்தார். கண் சிவந்திருந்தாலும் குரல் அதே நிதானம்.

"எல்லாரும் அழுதீங்க. ரொம்ப நன்றி. ஆனா அது இன்னிக்கு, நான் சொன்னதுக்கு அப்புறம். நான் சொல்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் வருத்தப்பட்டாரே, அவர் யாருன்னு தெரியலையே சார். அப்படி ஒருத்தர் இல்லியா? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் நாளைலேருந்து வரல."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு படியிறங்கி வாசல் பெஞ்சில் போய், செருப்பு மாட்டுவதற்காக உட்கார்ந்தார்.

அப்போதுதான் சட்டம் கீழே இறங்கிப் போவதைப் பார்த்தேன். கோட்டு இல்லாமல். பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று ஏதோ சொன்னார். தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி கேட்டை மூட வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகு தையல்காரர் வரவில்லை.

இதை நான் சொல்லும்போதெல்லாம் சட்டம் மறுப்பார். "நான் அன்னிக்கு லீவு" என்பார்.

இவ்வளவையும் எழுதி, போன வாரம் பூங்காவில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தொடக்கத்தில் வழக்கம்போலத்தான்.

"கணுக்கால் அளவாம். நீச்சல் அடிச்சு வீட்டுக்குப் போனேன்னு எழுதலையா?"

"எழுதினேன் சார். மனைவி அடிச்சுட்டா."

கைப்பிடிக் குறிப்பு வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. பெஞ்ச் வந்தபோது அவர் நடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தார். வாசித்து முடித்தேன். அவர்தான் கேட்டார்.

"நீ மேல ஜன்னல்ல நின்னியா?"

"நின்னேன் சார்."

"என்ன கேட்டுது?"

"ஒண்ணும் கேக்கல. தூரம்."

"நான்தாங்க அதுன்னு சொன்னேன்" என்றார். "பொய் இல்லய்யா. அந்தம்மா எழுதின நாலையும் நான் படிச்சேன். ஒவ்வொரு தடவையும் படிச்சுட்டுத்தான் அந்தக் குறிப்பை எழுதினேன். அஞ்சாவது வந்தப்போ அதையும் படிச்சேன். அன்னிக்கு வீட்டுல சாப்பிடல. அதையும் அவர்கிட்ட சொன்னேன், கைப்பிடி வேணாம்னு எழுதின கை இதுதான்னும் சொன்னேன். அடிப்பார்னு நெனச்சேன். அடிச்சிருக்கலாம்."

"என்ன பண்ணார் சார்?"

"நகர்ந்து இடம் விட்டார். 'இத்தனை நாளா இதை நீங்க ஒண்டியாவா தூக்கிட்டிருந்தீங்க?'ன்னு கேட்டார்."

நான் காகிதங்களை மடித்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பதினோரு வருடம்.

"அப்போ, நடந்துது, இல்ல சார்?"

"நடந்துதுய்யா" என்றார் சட்டம். "எல்லாம் நடந்துது."